ஆகாயப் பேச்சு முடியும் வரை

காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின் கடைசி வருடங்களில் கேமரன்மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நான் தனியாகத்தான் இருந்தேன். மலைச் சாலையில் காட்டிலிருந்து லோரிகளைச் சுட்ட பயம் மனதில் இருந்ததால், பிரசவத்துக்கு மனைவியைக் கீழே தாப்பாவுக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஆண் குழந்தை. மூன்று மாதத்தில் கூட்டி வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் மாதம் சாலைப் பயம் குறைந்திருந்தது. ஆனால் அதற்குள் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடையில் பத்திரிகை பார்ப்பேன். நாலாம் வகுப்போடு நின்றவன். ஒரு பத்தி படிக்க ஒரு தேநீர் ஆகும். ருஷ்யாவும் அமெரிக்காவும் செயற்கை நிலா விட்டுவிட்டன, இனி அணுகுண்டையும் தலைக்கு மேலே சுற்ற விடலாம், அப்படி நடக்காமலிருக்க நாடுகள் கூடிப் பேசுகின்றன என்று போட்டிருந்தது. காட்டிலிருப்பவர்களைச் சரணடையச் சொல்லி நோட்டீசு போடும் விமானம் எங்கள் மலையில் கூரையை உரசுகிற மாதிரிதான் போகும். கீழே இருப்பவர்களைவிட வானம் எங்களுக்குத்தான் பக்கம் என்று நிஜமாகவே நம்பினேன்.

"பேச்சு முடியட்டும், அப்புறம் வா" என்று மனைவிக்கு எழுதினேன்.

பேச்சு முடியவில்லை. ஒரு நாடு முதலில் குண்டுக்குத் தடை போடு என்றது. மற்றது முதலில் உள்ளே வந்து பார்க்கிற சோதனைக்கு ஒத்துக்கொள் என்றது. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று எங்களைத் தினமும் வேலிவாசலில் தடவிப் பார்த்துத்தான் வேலைக்கு விடுவார்கள். சோதனைக்குப் போய் இவ்வளவு யோசிப்பானேன் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு, பேச்சுக் குழுவில் இடம் பிரித்தது சரியில்லையென்று ஒரு பக்கத்தார் வரவே இல்லை. லோரி வராத நாட்களில் பத்திரிகையும் வராது. என்ன முடிவாயிற்றோ என்று பழைய பத்திரிகையையே திரும்பப் படிப்பேன்.

"என்ன தம்பி, வீட்டுக்காரிய எப்ப கூட்டியாரப் போற?" என்றார் சாப்பாட்டுக் கடைக்காரர்; அண்ணன் முறையில் எல்லோருக்கும் அவர் நானா.

"பேச்சு இன்னும் முடியல நானா."

"மேல குண்டு வைக்கிறவன் ரிங்லெட்ட தேடியா வருவான்? பேப்பர்காரனே ஒழுங்கா வரமாட்டேங்கிறான் லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அன்றும் "பொறு" என்றே எழுதினேன். வீட்டில் பேச ஆளில்லாததால், எழுதியதை நானே உரக்க வாசித்துவிட்டு மடிப்பேன்.

ஒரு வருடம் ஆனபோது அவளிடமிருந்து கடிதம் வந்தது. என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவள். "மகன் நடக்கிறான்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

கங்காணியிடம் ஒரு நாள் லீவு கேட்டு, காலை லோரியில் தாப்பாவுக்கு இறங்கினேன். மாமியார் வீட்டு வாசலில் தள்ளாடி நடந்துகொண்டிருந்த பையன் என்னைக் கண்டதும் மனைவியின் சாரோங் கைலியைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"அப்பா வந்திருக்காருடா, போ" என்றாள். அவன் அசையவில்லை.

"சாமான கட்டு, போலாம்" என்றேன்.

"எங்க? இங்கயே ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்குப் பேரு குடுத்துட்டேன். நீங்க கூப்புடுவீங்கன்னு எத்தன மாசம் பாக்குறது?"

"மேல குண்டு வச்சுட்டான்னா..."

"இங்க மட்டும் வேற வானமா? வேணும்னா நீங்க கீழ வந்துடுங்க."

வேலையை விட வேண்டும், புதுத் தோட்டத்தில் இடம் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால்? ஊரடங்குக்கு முன் போகும் லோரிக்கு நேரமாகிவிட்டது.

"யோசிச்சு எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

லோரி வளைவு வளைவாக மேலே போகும்போதுதான், பையனை ஒரு தடவை தூக்கக்கூட இல்லை என்பது உறைத்தது.