கா. யுவராணி நினைவு விருது

காசியம்மாளுக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு பெயர், அவளுடையது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் மகள் யுவராணி. புருஷன் நஞ்சப்பன் இன்னொருத்தியோடு ஓசூருக்குப் போனபோது யுவராணிக்கு மூன்று வயது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு உரித்தே காசியம்மாள் அவளை எம்.எஸ்சி. வரை கொண்டுவந்தாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு விவரம் கேட்டபோது, "எங்கம்மா இனிஷியல் போடுங்க சார், கா" என்று யுவராணி பிடிவாதமாக நின்று வாங்கினாள்.

கடைசி வருஷம் விடுதியில் காய்ச்சல் கண்டது. ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்தாள். துறையிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. பேராசிரியர்கள் சேர்ந்து பல்கலைக்கழகத்தில் அவள் பெயரில் ஒரு விருது வைத்தார்கள். முதலாவதாக வரும் பெண்ணுக்கு வருஷாவருஷம் காசியம்மாள் கையால் கொடுப்பது என்று ஏற்பாடு. பேனரில் அந்த 'கா'வை அவள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். மகள் பெயருக்கு முன்னால் தான் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறுவாள்.

ஐந்தாவது வருஷம் அந்த எழுத்தைக் காணவில்லை. அவளுக்கு மேடைக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் நஞ்சப்பன் இருந்தான். பேப்பரில் விருதைப் பற்றிப் படித்துவிட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழோடு வந்து நின்றானாம். பிணத்தைப் பார்க்க வராதவன், சால்வைக்கு மட்டும் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெட்கங்கெட்ட ஜென்மம்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் பேனரும் சான்றிதழும் டைப் செய்யும் நிர்மலாவிடம் போய்க் கேட்டாள். நிர்மலா நல்லவள்தான், அதுதான் கொடுமை.

"அப்பா இருக்கறப்ப அம்மா இனிஷியல் எதுக்குங்க? முன்னாடி டைப் பண்ணவங்க செஞ்ச தப்புன்னு நெனச்சு நாந்தான் 'ந'ன்னு திருத்துனேன்."

"எம்பொண்ணு கேட்டு வாங்குன எழுத்துங்க அது."

"அடுத்த வருசம் பாக்கலாங்கம்மா."

விருது வாங்கிய காவியா வெளியே வந்து காசியம்மாள் காலில் விழுந்து, விருதுச் சான்றிதழைக் காட்டினாள். காசியம்மாள் அவளிடம் பேனா கேட்டாள். மகள் பெயருக்கு முன்னால் இருந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இத அடிச்சுட்டு என்னெழுத்த எழுதித் தரட்டுமா சாமி?"

காவியா தயங்கினாள். "வேலைக்குக் குடுக்கணுங்கம்மா. அடிச்சுத் திருத்துனா செல்லாதுங்க."

அந்தப் பெண்ணைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? காசியம்மாள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ பத்தரமா வெச்சுக்க சாமி," என்றாள். "என்னைய அடிச்சது மட்டுந்தான் செல்லும்."