படமாக நின்ற நாள்

சின்னக்கானல் எஸ்டேட் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, அகதியாக நடிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீடு விடாமல் போய் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் சார் வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு புகைப்படத்தை வெட்டி வைத்திருந்தார். எங்கோ தூரதேசத்தில், இனக் கலவரத்துக்குப் பயந்து ஊரைவிட்டுப் போகும் சனங்கள். தார்ச்சாலையில் கூட்டமாக நடக்கிறார்கள். முன்னால் என் வயதுச் சிறுமி ஒருத்தி, தலையில் மூட்டையோடு. ஆண்டு விழாவில் திரை விலகும்போது நாங்கள் அந்தப் படத்தைப் போலவே அசையாமல் நிற்க வேண்டும். அந்தச் சிறுமி நான். சிறந்த நிகழ்ச்சிக்குப் பரிசும் உண்டு.

மூட்டை கட்டித் தந்தவர் சித்தி, சித்தப்பாவின் மனைவி. சிறுவயதில் இலங்கையில், கண்டிப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்தவர். அங்கே கலவரம் நடந்து கப்பலேறி வந்தவர் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்குமேல் அவரும் பேசியதில்லை.

சாரிடமிருந்து நான் வாங்கி வந்திருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சேலையை விரித்து அரிசி, தீப்பெட்டி, தம்பியின் சட்டை என்று ஒவ்வொன்றாக வைத்தார்.

"பழைய பேப்பரத் திணிச்சாப் போதும்னு சார் சொன்னாரு சித்தி. இது கனக்குது."

"கனக்கத்தான் செய்யும். நீ நிக்கத்தான போற, நடக்கவா போற?"

விழாவன்று சித்தி அம்மாவோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புகைப்படத்தில் சத்தம் இல்லாதது சாருக்குக் குறையாகப் பட்டிருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் சரவெடி கொளுத்த ஏற்பாடு செய்திருந்தார். திரை விலகியது. வெடி வெடித்தது. நான் இமைக்காமல் நின்றேன்.

சித்தி எழுந்து மேடையில் ஏறினார். என் தலையிலிருந்த மூட்டையைத் தட்டிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக இறங்கினார். தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் வேகமாக நடந்தார். பின்னால் கூட்டம் சிரிப்பது கேட்டது.

"விடுங்க சித்தி, பரிசு போயிரும்."

"திரும்பிப் பாக்காத. கைய விட்டுராத."

கூடவே ஒரு பெயரையும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயர். வளைவு தாண்டும்வரை திரும்பத் திரும்ப அந்தப் பெயரைத்தான் சொன்னார்.

அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்த பிறகே சித்தி நின்றார். என் முகத்தை யாரோ ஒருத்தியின் முகம் போலப் பார்த்தார். மெல்லக் கையை விட்டார். அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சித்தியை அணைத்துக்கொண்டு பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போதும் அப்படிப்பட்ட படங்கள் செல்போனில் வந்துகொண்டேயிருக்கின்றன, ஊர்தான் வேறு. நான் முகங்களைவிடக் கைகளைத்தான் பார்க்கிறேன். யார் கை யார் கைக்குள் இருக்கிறது, யார் கை வெறுமையாகத் தொங்குகிறது என்று. வழியில் கை நழுவிப் போனவர்கள் எந்தப் படத்திலும் இருப்பதில்லை.

அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பரிசு மூன்றாம் வகுப்பின் கோலாட்டத்துக்குப் போயிருந்தது. சாயங்காலம் சித்தி என் மணிக்கட்டில் சிவந்திருந்த விரல் தடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் வீம்பாகச் சொன்னேன்.

"அது என் பேரு இல்ல சித்தி."

"தெரியும்மா."

மேடையிலிருந்து இழுத்து வந்ததும் போதாமல் என் பெயரையும் மாற்றிக் கூப்பிட்டவர், இனிமேலாவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சமாதானம் செய்வார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தேன்.