இறங்கச் சொன்ன கை

எழுபதுகளின் கடைசியில், அரியலூரில் ஏலாக்குறிச்சி பஸ்ஸை டிரைவர் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம், வழக்கமாக அதில் வரும் ஒரு பெரியவர் கீழே இறங்கி என்ஜினுக்கு எதிரே நிற்பார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். நரைத்த மீசை, கையில் தீத்தழும்பு. ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

“பிளேன் ஸ்டார்ட் பண்றப்ப என்ஜின்ல தீப்புடிச்சா நிறுத்தக் கூடாதுங்க. என்ஜின் சுத்திக்கிட்டே இருந்தா தீய உள்ள இழுத்துக்கும். ஒருநா அப்படித் தீப்புடிச்சப்ப, கீழ நின்னு ‘சுத்து’ன்னு கை காட்டினேன். உள்ள இருந்த கூட்டாளி சுத்துனான். தீ அடங்கல. ‘எறங்கு’ன்னு காட்டினப்ப, பொகையில என் கை அவனுக்குத் தெரியல.”

அடுத்த வாரம் பஸ்ஸின் முன்புறம் குப்பென்று புகைந்தது. அவர் பதறிக் கையசைத்தார். டிரைவர் குதித்து இறங்கினார். வெறும் ரேடியேட்டர் ஆவி. எல்லோரும் சிரித்தோம்.

அவர் மட்டும் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“நீயாவது எறங்குனியேப்பா.”