மேட்டுவெளியில் கிடக்கும் ஜக்கெட்

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் நான்கு கொளுக்கிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டாவது இப்போது வெறுமையாக இருக்கிறது. பதினொரு வருடங்களாக என்னுடைய கடும்பச்சை ஜக்கெட் அதில்தான் தொங்கியது. லண்டனில் மோர்டனிலிருந்து மிட்சம் என்ற பகுதியிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கப் போகும்போது மழையிலும் பனியிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். வலது பையில் மார்க்கர் பேனை உடைந்து ஊறிய நீலக் கறை ஒன்று உண்டு. எத்தனை முறை தோய்த்தாலும் அதிலிருந்து என் மணம் போகாது. “உங்கட ஜக்கெட் முதல்ல வீட்டுக்குள்ள வரும், பத்து நிமிசம் கழிச்சுத்தான் நீங்கள் வருவியள்” என்று மனைவி பகிடி பண்ணுவாள். அந்த ஜக்கெட் இன்று இங்கிலாந்தின் வடக்கே, மரமே இல்லாத ஒரு மேட்டுவெளியில், கல்லொன்றின் கீழ் கிடக்கிறது. அது அங்கே போன கதையை என் மகளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. லண்டனில் பிறந்து வளர்ந்தவள். சிறுவயதில் நவம்பர் மாதம் வந்தால், வாணவேடிக்கை நடக்கும் மாலைகளில் நான் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, அவளை மடியில் வைத்து இறுக அணைத்துக்கொண்டு சோபாவில் இருப்பேன். “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அயலவர்களின் பிள்ளைகள் வெளியே நின்று கைதட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். என் பிள்ளை அழமாட்டாள். நான் விடும்வரைக்கும் அசையாமல் இருப்பாள். அவளுக்குப் பயம் என்று அப்போது நினைத்திருந்தேன். அவள் உயிரியல் படித்தாள். கடைசி வருடத்தில் மேட்டுவெளிப் பறவைகளை எண்ணும் வேலைக்கென்று ஒரு கோடை விடுமுறையில் வடக்கே போனாள். எண்ணுவதற்கு நாய்கள் வேண்டும், நாய்களோடு இருப்பதற்கு இடம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும், எங்கள் கலியாணத்துக்கும் முந்திய பழைய கரவன் ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கத் தொடங்கிவிட்டாள். கோடையில் பறவை எண்ணுவது, வேட்டைக் காலத்தில் சுட வருகிறவர்களை நாய்களோடு கூட்டிக்கொண்டு போவது என்று அவளுடைய வருடம் ஓடுகிறது. அவளும் சுடுவாள். முறையாக அனுமதி எடுத்து ஒரு துவக்கு வைத்திருக்கிறாள்.

இந்தச் செய்தி வந்த அன்று மனைவி உலையில் போட்ட அரிசியை மறந்துவிட்டாள். “ஊரில ஷெல்லடிக்கேக்க பங்கருக்குள்ள கிடந்து உயிரைக் காப்பாத்திக்கொண்டு வந்தது, இவள் கௌதாரி சுடுறதுக்கோ?” என்று கேட்டாள். நான் போய் அடுப்பை நிறுத்தினேன். கலியாண வீடுகளில் சனம் விசாரிக்கும்போது, “மகள் வடக்கில வேலை” என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டோம். ஒரு மாமி, “வடக்கில எண்டா? யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போட்டாளோ?” என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

இந்த வருடம் ஒக்டோபர் பள்ளி விடுமுறையில் நான் தனியாக அவளைப் பார்க்கப் போனேன். மனைவிக்கு வைத்தியசாலையில் ஷிப்ட். கரவன் ஒரு கல்மதிலின் மறைவில் நின்றது. வெளியே பழுப்பு வெள்ளையும் இளம்பச்சையும் பூசியிருந்தது, கூரையின் மூலைகள் முட்டையைப் போல உருண்டிருந்தன. உள்ளே மரத்தாலான அலுமாரிகள், மடித்து வைக்கக்கூடிய ஒரு மேசை, ஒரு சாறனை விரித்த அகலமே உள்ள படுக்கை. மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் கதைக்க ஏலாது. அந்த இடுக்கில் அவளோடு இரண்டு பொயின்டர் வேட்டை நாய்களும் இருந்தன. வயது போன பெட்டை நாய்க்கு மிளகு என்று பெயர். ஏழு மாதக் குட்டிக்குப் புட்டு. வெள்ளை உடம்பில் மண்ணிறப் புள்ளிகள். “குரக்கன் புட்டுக்குத் தேங்காய்ப்பூ கூடிப்போன மாதிரி” என்று அவளே விளக்கம் சொன்னாள். அந்தப் பெரிய வெளியில் சுட வந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கனவான், முழங்கால்வரை காலுறை போட்டுக்கொண்டு, “புட்டு! புட்டு!” என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டேன். நெடுநாளைக்குப் பிறகு அன்று வயிறு நோகச் சிரித்தேன்.

நாய்களின் வேலையைப் பார்த்தபோதுதான் அவள் ஏன் அங்கே போனாள் என்பது கொஞ்சம் புரிந்தது. காற்றுக்கு எதிராக மிளகு வெளியெல்லாம் ஓடுவாள். பற்றைக்குள் பதுங்கியிருக்கும் பறவையின் மணம் மூக்கில் பட்டதும் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே கல்லாகிவிடுவாள். மகள் அவளுக்குப் பின்னால் மெல்ல நடப்பாள், ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். பறவைகள் படபடவென்று எழும்போது சுடுகிறவர்கள் சுடுவார்கள். எழும்பும் மட்டும் நான் பார்த்தேன். பிறகு கரவனுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவள் சுட வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மிளகோடு மலையின் மறுபக்கம் போனாள். குட்டியை என்னோடு விட்டுவிட்டுப் போனாள். போகமுதல் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தினாள். வெடிச்சத்தத்துக்குக் குட்டியைப் பழக்குவது பல மாத வேலை. முதலில் அவன் சாப்பிடும்போது தகரக் கோப்பையைத் தட்டுவது, பிறகு கைதட்டுவது, பிறகு தூரத்தில் சின்ன வெடி, அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில். சத்தம் வந்தால் நல்லது ஏதோ நடக்கப் போகிறது என்று அவன் நம்ப வேண்டும். “சத்தம் கேட்டா நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ அப்பா. அவன் உங்கட முகத்தைப் பார்ப்பான். நீங்கள் அவனைப் பாக்காதேங்கோ. தடவாதேங்கோ. தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இருங்கோ. அவ்வளவுதான் வேலை.” நான் ஓம் என்றேன். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைக் கட்டி மேய்க்கிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

காற்று மாறியிருக்க வேண்டும். சுடுகிறவர்கள் மலையின் இந்தப் பக்கமே வந்துவிட்டார்கள். முதல் வெடி கரவனின் தகரத்தை அதிரவைத்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் தீர்மானித்துச் செய்யவில்லை. நினைவு திரும்பும்போது மேசைக்குக் கீழே இருந்தேன். முழங்கால்களுக்கு நடுவில் குட்டியை ஜக்கெட்டுக்குள் வைத்து, அவனுடைய காதுகளைப் பொத்திப் பிடித்திருந்தேன். வாய் “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பங்கருக்குள் என் தகப்பன் என் காதுகளைப் பொத்தியதும் இப்படித்தான். முதல் வெடிக்குப் புட்டு வாலை ஆட்டினான், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விட்டுவிடு என்று திமிறினான். நான் விடவில்லை. என் கைக்குள் அவனுடைய நெஞ்சு முதலில் ஆறுதலாகத்தான் அடித்தது. மூன்றாவது வெடியோ நாலாவது வெடியோ, அது என்னுடையதைப் போலவே அடிக்கத் தொடங்கியது. பிறகு அவனும் நடுங்கினான். எல்லாம் ஓய்ந்த பிறகு நான் வெளியே வந்தேன், அவன் வரவில்லை. மேசைக்குக் கீழே விழுந்து கிடந்த என் ஜக்கெட்டின்மேல் சுருண்டு படுத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் திரும்பி வந்து, “எப்பிடி இருந்தவன்?” என்று கேட்டாள்.

“ஒண்டும் நடக்கேல்லை. நல்ல பிள்ளையா இருந்தவன்” என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். ஐம்பத்தாறு வயது மனிதன், நாட்டை விட்டு வந்து முப்பது வருடம் கழித்து, மேசைக்குக் கீழே நாய்க்குட்டியோடு ஒளித்திருந்ததைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? குட்டி ஜக்கெட்டை விட்டு எழும்ப மறுத்ததால், “இதை இவனுக்கே விட்டிட்டுப் போங்கோ அப்பா” என்றாள். நான் கம்பளிச் சட்டையோடு ரயிலேறினேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி வந்தது. புட்டுவை முதல்நாள்தான் முதன்முதலாக வேட்டைக்குக் கொண்டு போயிருக்கிறாள். முதல் வெடியோடு அவன் திரும்பி ஓடியிருக்கிறான், மலைமுகட்டுக்கு அப்பால், ஊதிய விசிலுக்கும் நிற்காமல். நாய் தொலைந்தால் அலைந்து திரிந்து தேடக் கூடாதாம். தேடுகிறவரின் மணம் வெளியெல்லாம் பரவி நாயைக் குழப்பிவிடுமாம். அது படுத்துப் பழகிய துணியை, அது கடைசியாக நின்ற இடத்தில் விட்டுவிட்டு வர வேண்டும். அநேகமான நாய்கள் தாமாகவே தேடி வந்து அதில் படுத்திருக்குமாம். “உங்கட ஜக்கெட்டை விட்டிட்டு வந்திருக்கிறன்” என்றாள். “ஏனப்பா இப்பிடி ஓடினவன்? நான் எங்கையோ பிழை விட்டிட்டன் போல கிடக்கு.” “அங்க மழையோ?” என்று மட்டும் கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் கைபேசியில் வானிலை பார்ப்பது மட்டும்தான். பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடத் தெரியாத ஓர் இடத்தின் மழை, காற்று, பாகை. வகுப்பில் விசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அங்கே பூச்சியத்துக்குக் கீழே போயிருக்குமோ என்று யோசிப்பேன். மகள் காலையும் மாலையும் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒரு சொல்லில் செய்தி அனுப்புவாள்: “இல்லை.” மனைவி பொறுமை இழந்தாள். “நாயைத் தேடினது காணும். போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்தத் தகரப் பெட்டிக்குள்ள கிடந்து அவள் விறைக்கப் போறாள்.”

இரண்டாவது சனிக்கிழமை போனேன். மகள் மெலிந்திருந்தாள். கரவனுக்குள் மேசைக்குக் கீழே புட்டுவின் சாப்பாட்டுக் கோப்பை கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மிளகு முன்னால் ஓடாமல் எங்கள் காலடியிலேயே வர, ஒரு மணித்தியாலம் ஏறினோம். ஜக்கெட் பற்றைமேல் கிடந்தது. காற்று கொண்டு போகாமல் கல் வைத்திருந்தாள். கைகள் இரண்டும் விரிந்து, உறைபனி படிந்து, யாரோ விழுந்து கிடப்பதைப் போல இருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க ஏலவில்லை.

“பிள்ளை, அண்டைக்கு நான் அவனைப் பிடிச்சுக்கொண்டு மேசைக்குக் கீழ இருந்தனான். சுட்டு முடியுமட்டும்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “தெரியும் அப்பா.”

“எப்பிடி?”

“தேத்தண்ணிக் கோப்பை நிறைய இருந்தது. ஆறிப்போய். நீங்கள் தேத்தண்ணியை ஆறவிடுற ஆளே?” குனிந்து மிளகின் கழுத்தைத் தடவினாள். “அவனுக்குச் சத்தம் சரிவராது எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது. இன்னும் நாலு மாசம் பொறுத்திருக்கோணும். அவசரப்பட்டுக் கொண்டுபோனது நான்.”

“இல்லை, நான்தான்...”

“சின்னனில என்னையும் அப்பிடித்தானே பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். எனக்குக் கனகாலமா அந்தச் சத்தம் வெளியில இருந்து வருது எண்டே தெரியாது. உங்கட நெஞ்சுக்குள்ள இருந்து வருது எண்டுதான் நினைச்சனான். நான் அசைஞ்சா உங்களுக்குக் கூடிப்போயிடும் எண்டு பேசாமல் இருப்பன்.”

அவள் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பறவைகளின் எண்ணிக்கையைச் சொல்வதைப் போலச் சொன்னாள். கல்லை அகற்றி ஜக்கெட்டை எடுத்து மணந்து பார்த்தாள். “மழையில எல்லாம் போட்டுது. மணமே இல்லை. ஒருக்கால் போட்டுக்கொண்டு இருங்கோ.”

போட்டேன். ஈரமும் பனியும் முதுகில் ஒட்டின. என் உடம்புச் சூடு அதற்குள் போகட்டும் என்று கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு கல்லில் இருந்தேன். பற்கள் கிடுகிடுத்தன. அரை மணித்தியாலம் இருந்திருப்பேன். அப்போது எங்கேயோ தூரத்தில், வேறு யாருடைய நிலத்திலோ, வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இரண்டு. என் உடம்பு ஒடுங்கியது. அவள் கண்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. தோளில் கை வைக்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணியை மூடியில் ஊற்றி, மலைச்சரிவைப் பார்த்தபடியே என் பக்கம் நீட்டினாள்.

“குடியுங்கோ அப்பா. ஆறப் போகுது.”

குடித்தேன். பாதி ஜக்கெட்டில் ஊற்றுப்பட்டது. “நல்லது, அந்த மணமும் இருக்கட்டும்” என்றாள். பிறகு அதைக் கழற்றிக் கொடுத்தேன். கைகளை உள்ளே மடித்து, ஒரு குட்டி சுருண்டு படுக்கக்கூடிய அளவுக்குக் குழியாக்கி, கல்லை வைத்தாள்.

வேட்டைக் காலம் முடியப் போகிறது. குளிர்காலத்துக்குக் கரவனைப் பள்ளத்திலுள்ள பண்ணைக்கு இழுத்துப் போக வேண்டும் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அவள் மாட்டேன் என்கிறாள். அவன் திரும்பி வரும்போது கரவன் நின்ற இடத்தில் நிற்க வேண்டுமாம். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரு என்றும் சொல்ல ஏலாது. ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் போய், அந்த ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அரை மணித்தியாலம் கல்லில் இருந்துவிட்டு வருகிறேன். என்னால் செய்ய ஏலுமானது அவ்வளவுதான்.

நேற்று மாலை மனைவி வேலை முடிந்து வரும்போது எனக்கொரு புது ஜக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. கழற்றிக் கொடுத்ததும், மாட்டுவதற்காக இரண்டாவது கொளுக்கிவரைக்கும் கொண்டுபோனவள் அங்கேயே கொஞ்சம் நின்றாள். பிறகு அதை அடுத்த கொளுக்கியில், குடைகளுக்கு மேலே மாட்டினாள்.

“அங்க போகேக்க மட்டும் இதைப் போட்டுக்கொண்டு போகாதேங்கோ” என்றாள். “அவனுக்கு ஆளைத் தெரியாமல் போயிடும்.”