கேமராவின் முதுகுக்கு முறை வைத்த கதை

சவுக்குமேட்டுக் குப்பத்து ஜமுனா யார் என்று கேட்டால், மீன் விற்கிறவள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அது அவள் இடையிடையே செய்கிற வேலை. முழுநேரமாக அவள் பார்த்துவந்தது பயப்படுகிற வேலை. இடிக்குப் பயப்படுவாள். முத்திரை குத்திய தபாலுக்குப் பயப்படுவாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், அது ஓய்கிற வரைக்கும் அதைத் தூரத்தில் வைத்துவிட்டு நிற்பாள். புருஷன் கங்காதரன் கரையே தெரியாத தூரத்துக்கு ஃபைபர் படகில் போய் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டு வருகிற ஆள். குடும்பத்துக்கு வேண்டிய பயம் மொத்தத்தையும் ஜமுனாவே எடுத்துக்கொண்டதால் அவனுக்கு மிச்சமில்லை.

இப்படிப் பரவலாகப் போய்க்கொண்டிருந்த பயம், சமீப காலமாக ஒரே இடத்தில் வந்து குவிந்திருந்தது. அந்த இடத்தின் பெயர் கோதண்டம். ஜமுனாவின் நைனா.

கோதண்டம் ஏரியில் வலை கட்டி மீன் பிடிக்கிற ஏரித்தொழில் பார்த்தவர். அம்மா போன பிறகு, ஏரிக்கரையை ஒட்டிய மகள் வீட்டோடு வந்துவிட்டார். கொஞ்ச காலமாகவே நினைவு சரியில்லை. சாப்பிட்டது மறந்துவிடும். பெண்டாட்டி செத்தது மறந்துவிடும். ஆனால் காற்று மட்டும் மறக்கவில்லை. கொண்டல் காற்று திரும்பிக் கீழ்த்திசையிலிருந்து அடிக்க ஆரம்பித்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார், எப்போதோ விற்றுவிட்ட வலையைப் பார்க்க. "ஏரியில இன்னா ஆழம்? இடுப்பளவு தண்ணி" என்று ஊரார் ஆறுதல் சொன்னார்கள். நிற்கிறவனுக்குத்தான் இடுப்பளவு. சேற்றில் கால் மாட்டி விழுந்த கிழவனுக்கு முழங்கால் தண்ணீரே தாராளம் என்பது ஜமுனாவுக்குத் தெரியும். ஒருதரம் கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு அதை நினைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சோறு இறங்காமல் கிடந்தாள்.

வெளியே பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தாள். அவர் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் பத்திரமாகச் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பச்சையம்மா பார்த்துக்கொண்டாள், சீரியலை. காலையில் பாலம் தாண்டி ஏலக்கூடத்துக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. கங்காதரன் கொண்டுவந்து இறக்கும் மீன், மாமனார் வீட்டில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுக் கெட்டுப்போவதில்லை.

ஆகவே ஜமுனா பழவேற்காடு கடைத்தெருவில் ஆசிக் கடைக்குப் போனாள். சிம் கார்டு, போன் கண்ணாடி, கேமரா எல்லாம் விற்கிற பையன். சாயபு வீட்டுப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன். முதலில் ஒரு கேமராவை எடுத்து வைத்து, இது ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், விலையும் சல்லிசு என்றான்.

"எங்க நைனா ஒரே பக்கம் நடக்க மாட்டாரேப்பா" என்றாள் ஜமுனா.

அப்படியானால் திரும்புகிற கேமராதான் என்று அடுத்ததை எடுத்தான். வலம் இடம் திரும்பும், மேலே கீழே குனியும், ஆள் நடந்தால் கூடவே கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்கும். போனில் பேசினால் அதன் வாயில் கேட்கும், அங்கே பேசுவது போனில் கேட்கும். ஜமுனா அதை வாங்கி மல்லாத்திப் பார்த்தாள். அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள். செவுள் இருந்திருந்தால் தூக்கிப் பார்த்திருப்பாள். குப்பத்துக்கு இன்டர்நெட் வயர் இணைப்பு வராது என்பதால் சிம் போடுகிற வகையாக இருக்கட்டும் என்றான் ஆசிக். இரும்பு உடம்பு உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, பிளாஸ்டிக்கே நல்லது. கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க ஒரு சின்ன பேட்டரியும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஜமுனா தலையாட்டினாள். ஒவ்வொன்றும் அவளுக்குப் புதிதாக ஒரு பயத்தைக் கொடுத்தது. கரண்ட் போகும் என்பதை அவள் அதுவரை கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

"தூரத்துல இருக்கிறது கிட்ட வருமா?"

வரும் என்று சொல்லி விற்றிருக்கலாம். ஆசிக் நல்ல பிள்ளை. இந்த விலைக் கேமராவில் ஜூம் என்பது போட்டோவை விரலால் இழுத்துப் பெரிதாக்குகிற மாதிரிதான் என்று சொல்லிவிட்டான். உருவம் பெரிசாகும், தெளிவாகாது. நிஜமாகவே கிட்டே இழுக்கிற கண்ணாடி வைத்ததும் உண்டு. அதன் விலைக்குப் படகை விற்றுவிட்டு, படகு நின்ற இடத்தை வெகு தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சாம்பிள் கேமராவைத் தெருக்கோடிக்குத் திருப்பிப் பெரிதாக்கிக் காட்டினான். அங்கே ஏதோ ஒன்று நின்றது. குத்துக்காலிட்ட கிழவரா, சாக்கு மூட்டையா தெரியவில்லை.

"நடந்தா ஆளுன்னு தெரிஞ்சிரும்க்கா."

"நடக்கலன்னா?"

ஆசிக் பேட்டரியின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

தெரியாத பக்கம் ஏதாவது உண்டா என்றும் கேட்டாள். மாட்டுகிற கம்பம் மறைக்குமே, அந்தப் பக்கம் மட்டும் தெரியாது, எல்லா கேமராவுக்கும் முதுகு என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்றான். பேரம் பேசி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தவள், குப்பம் வந்து சேர்கிற வரைக்கும் அந்த முதுகைப் பற்றியே பயந்துகொண்டு வந்தாள்.

கங்காதரன் வாசலில் சவுக்குக் கம்பம் நட்டு, முதுகு சவுக்குத்தோப்புப் பக்கம் இருக்கும்படி மாட்டினான். நாய்கூடப் போகாத திசை அது. கேமரா முதல் நாள் முழுக்க ஒரு கோழியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது. பிறகு கோதண்டம் வெளியே வந்தார். ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டிமேல் பாலிதீன் பையில் சுற்றி நிறுத்தியிருந்த போனில் ஜமுனா அவரைப் பார்த்தாள். மீன் செதிள் ஒட்டிய விரலால் அழுத்தி, "நைனா, உள்ள போ" என்றாள். கம்பத்திலிருந்து மகள் குரல் வந்ததில் கோதண்டத்துக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. "போறேன், கத்தாத" என்று கம்பத்துக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாளாக ஆக அவருக்குக் கம்பத்தின்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. போகிறபோது அதன் அடியில் ஒரு பீடி வைத்துவிட்டுப் போவார்.

ஜமுனா கொஞ்சம் மூச்சு விட்டாள். ஊருக்கு அது பொறுக்கவில்லை.

சவுக்குமேட்டில் கூடையில் மீனையோ நண்டையோ திறந்து வைத்துக்கொண்டு கரையேறுகிறவன் கிடையாது. மேலே ஈரச்சாக்கு போட்டு மூடித்தான் வீட்டுக்கு எடுத்துப்போவான். அடுத்தவன் கண் பட்டால் மறுநாள் வலை வெறுமையாக வரும். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணுக்கே தப்பித்து வந்த கூடைகளை, இப்போது கம்பத்தின்மேல் இமைக்காத கண் ஒன்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு படகிலிருந்து வீட்டுவாசல் வரைக்கும் வழியனுப்பி வைத்தது. அந்தச் சமயம் பார்த்து நண்டு குறைந்தது. பருவம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

"மனுசக் கண்ணு பட்டா உப்பு சுத்திப் போடலாம். இதுக்கு எத்தினி மூட்டை சுத்துறது?" என்றாள் பச்சையம்மா.

வேறு காரணம் உள்ளவர்களும் இருந்தார்கள். ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் டம்ளரோடு ஒதுங்குகிறவர்கள், கோயில் வேலை என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறவர்கள். குழாயடிக்கு வரும் பெண்களின் மானத்தைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் இவர்கள்தாம்.

சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கழற்று என்று ஊர் சொன்னால் கழற்றத்தான் வேண்டும். மீறினால் அந்த வீட்டோடு யாரும் பேச மாட்டார்கள், கல்யாணம் சாவுக்குக்கூட வாசல் மிதிக்க மாட்டார்கள். ஜமுனாவை எழுந்து பேசச் சொன்னார்கள். முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு யார் கூடையும் வேண்டாம், நைனா மட்டும் தெரிந்தால் போதும் என்று ஒரு வாக்கியம் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். பாடு என்கிற முறை ஏற்பாட்டைத் தவிர உலகில் வேறு நியாயம் உண்டென்று அவர் நம்பியதில்லை. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடம் கொஞ்சம்தான். அந்த இடம் ஒருவனுக்கே சொந்தமில்லை. இன்று ஒருவன் முறை, நாளை இன்னொருவன் முறை. அடுத்தவன் பாட்டில் வலை கட்டுவதைவிட அவன் வீட்டில் திருடுவது கௌரவம். தம் மகன் கல்யாணத்தில் பந்தி வரிசையைக்கூடப் பாடு வைத்துத்தான் தலைவர் நடத்தினார். இப்போது கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொன்னார். கேமரா இருக்கலாம். ஆனால் அதன் முதுகு ஊருக்குப் பொது. தோப்புக்கு மட்டும் முதுகைக் காட்டுவது அக்கிரமம். வாரத்துக்கு ஒரு திசையாக, கிழக்குத்தெரு, மேற்குத்தெரு, கோயில் பக்கம், ஏரிக்கரை என்று முதுகு முறை வைத்து மாறும்.

ஊர் முழுக்கச் சந்தோஷம். யாருக்கு முதல் முறை என்று சண்டை தொடங்கியதிலிருந்தே அது தெரிந்தது.

"ஏரிக்கரைக்குமா தலைவரே?" என்றாள் ஜமுனா மெல்ல.

"கரைக்கு மட்டும் தனி நியாயமா?" என்றார் தலைவர்.

வாரம் ஒருதரம் கங்காதரன் ஏணி போட்டு ஏறி, கேமராவைக் கம்பத்தில் சுற்றி மாற்றி மாட்டினான். முதுகு வந்த தெருவில் அந்த வாரம் ஒரே கொண்டாட்டம். சாக்கு மூடாமல்கூடக் கூடை நடமாடியது. இப்படியே வந்து ஏரிக்கரையின் முறையும் வந்தது.

அந்த வாரம் ஜமுனா அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கொண்டல் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் வேண்டுதல். மூன்று நாள் அம்மன் கேட்டுக்கொண்டாள். நாலாம் நாள் காலை, ஏலக்கூடத்தில் மடவை மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தபோது ஜமுனாவின் முந்தானை கீழ்க்காற்றில் எழும்பி முகத்தில் அடித்தது. போனைப் பார்த்தாள். கோதண்டம் வெளியே வந்தார். பீடி வைத்தார். லுங்கியை மடித்துக் கட்டினார்.

"நைனா, உள்ள போ."

அன்றைக்கு அவர் கம்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா விசுவாசமாகக் கழுத்தைத் திருப்பியது, திருப்பியது, திருப்பியது. பிறகு திரை முழுக்கக் கம்பத்தின் சவுக்குப் பட்டை. ஜமுனா விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். பட்டை பெரிதாகியது. அதன் வெடிப்பில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. கங்காதரன் கடலில். பச்சையம்மா போனை எடுக்கவில்லை.

ஊர்க்கூட்டத்தில் தரையைப் பார்த்துப் பேசினவள் அப்போது ஏலக்கூடத்து நடுவில் எழுந்து நின்று போனுக்குள் கத்தினாள். கண்ணுக்குத்தான் முதுகு உண்டு. அந்தக் கேமராவின் வாய்க்கு முதுகு கிடையாது. எல்லாத் திசையிலும் கேட்டது. கரையில் இருக்கிறது யாரு, எங்க நைனா தண்ணியில எறங்குறாரு, ஓடுங்க என்றாள். அந்த நேரத்துக்குக் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறது யார் என்று அவளுக்குத் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "முனிரத்தினம், உன்னத்தான், வலைய போட்டுட்டு ஓடு" என்றாள். தலைவர் என்கிற மரியாதை எங்கேயோ விழுந்துவிட்டது. ஏலம் கூவுகிறவர் பாதி விலையில் நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

போனில் பட்டைதான் தெரிந்தது. சத்தம் மட்டும் வந்தது. காற்று. ஒரு நாய். மணலில் யாரோ ஓடுகிற சத்தம். தண்ணீர் கலங்குகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. ஜமுனா ஐஸ் பெட்டி மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் இருக்குமோ, ஒரு பகல் இருக்குமோ.

"இன்னா தெரியுது? யாராவது சொல்லுங்களேன்."

"நிக்கிறாரு" என்றது தலைவரின் குரல், மூச்சு வாங்க. "கொண்டல்ல தண்ணி ஏறிக் கீது, மார் வரைக்கும். வலை கட்டுற கழிய புடிச்சினு நிக்கிறாரு. நீ சும்மா இரு, பேசிக் கூட்டினு வரேன்."

பிறகு நடந்தது அவளுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. வாங்க பெரியவரே என்றார் தலைவர். வர முடியாது, இன்றைக்கு என் பாடு, நீ யார் கேட்க என்றார் கோதண்டம். தன் பாடு வந்த இடத்தில் நிற்கிறவனைக் கையைப் பிடித்து இழுக்க எந்தத் தலைவனுக்கும் உரிமை இல்லை என்று ஊருக்கே பாடம் எடுத்தவர் தலைவர். தண்ணீர் அலம்பியது. அடியில் சேறு, ஒரு கால் நழுவினால் போதும். ஜமுனா பேசப் பயந்து, மூச்சு விடவும் பயந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இல்ல பெரியவரே" என்றார் தலைவர் கடைசியில். "இன்னிக்கு என் பாடு."

பாடு விஷயத்தில் முனிரத்தினம் சொன்ன முதல் பொய் அது.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அடுத்தவன் எடத்துல நிக்கிற ஆளா நானு?" என்றார் கோதண்டம். தண்ணீர் சத்தம் கரையை நோக்கி வந்தது.

ஜமுனா மீனைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். கரை ஏறியாகிவிட்டது, கம்பத்தடியில் உட்கார வைத்திருக்கிறோம் என்றார்கள். கம்பத்தடி என்றால் கேமராவுக்கு நேர் கீழே, முதுகுப் பக்கம். திரையில் இன்னும் பட்டைதான்.

"நல்லாத்தான் கீறாரு மா" என்றார் தலைவர். "முறை தெரியாதவன்லாம் தலைவரான்னு என்னியே அதட்டினு கீறாரு."

"அதட்டட்டும் தலைவரே" என்றாள் ஜமுனா. "நான் வந்து சேர்ற வரைக்கும் நிறுத்த உடாதீங்க."

பாலத்தைத் தாண்டும்போது சிக்னல் விட்டு விட்டு வந்தது. குரல் அறுந்த இடத்திலெல்லாம் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நைனாவின் திட்டு மறுபடி கேட்டதும் திறந்தாள்.