இருட்டறைக்கு எந்த வெள்ளை

1993இல் ஸ்டுடியோ திறந்தபோதே, படம் கழுவும் இருட்டறைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார் என் வீட்டுக்காரர். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு அந்த அறை சும்மா கிடந்தது. அதில் ஏசி இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது. திண்டிவனத்து வெயிலில் கருகிப்போகும் லெட்டூஸ் கீரையை அங்கே டியூப்லைட் போட்டு வளர்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. குயிலாப்பாளையத்தில் பேக்கரி ஒன்றில் வேலை செய்யும் என் தங்கை, கோடையில் சாண்ட்விச்சில் வைக்க அந்தக் கீரை கிடைக்காமல் அங்கே அல்லாடுவதைச் சொல்லியிருந்தாள்.

அவருடைய கூட்டாளி ஒருவரோ ஜெராக்ஸ் மிஷின் போட அதே அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பேக்கரிக்காரம்மா என் கீரையை வாங்கச் சம்மதித்தால் அறை எனக்கு, இல்லாவிட்டால் ஜெராக்ஸுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடையில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டியிருக்கிறேன், அழுகிற குழந்தைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன், லைட் சரிபார்க்க ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைக் காட்டியிருக்கிறேன். எனக்கென்று ஒரு மேஜை டிராயர்கூட அங்கே கிடையாது. அறையை நான் விடுவதாக இல்லை.

கறுப்புச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதன்மேல் எதையாவது போட்டு மறைத்தாக வேண்டும். "லைட்டப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று கிளம்பியவர், பேன்சி ஸ்டோரிலிருந்து பரிசுப் பொருள் சுற்றும் சில்வர் பேப்பரை ரோல் ரோலாக வாங்கிவந்து ஒட்டினார். அறை கல்யாண மேடை மாதிரி ஜொலித்தது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தட்டுகளில் கீரை விதைத்து அடுக்கினோம். மூன்றாவது வாரம் பார்த்தால், அறை நடுவில் இருந்த தட்டுகள் பரவாயில்லை. சுவரோரத்துச் செடிகளெல்லாம் வெளிறிப்போய், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவர்கள்போல் கழுத்தை நீட்டி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அவர் பழியை விதைமேல் போட்டார். போட்டோ எடுக்குமுன் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரை எடுத்துவந்து வாசலில் நின்றபடி சுவரைப் பார்த்து நீட்டினார். முள் எகிறியது.

"பாத்துக்கினியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்டூல்ல நான் உக்காந்தா இத எங்க வச்சிப் பாப்பீங்க?"

"மூஞ்சிக்கிட்ட."

"இங்க மூஞ்சி எது? செவுரா, செடியா?"

அவர் உள்ளே போய்க் குனிந்து மீட்டரை இலை மட்டத்தில் பிடித்தார். ஓரிடத்தில் முள் ஏறியது, ஒரு சாண் தள்ளினால் பாதியாக விழுந்தது. சுருக்கம் விழுந்த பேப்பர் வெளிச்சத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக வீசிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் கடைக்கு யாரும் வரவில்லை. அதே மூலை, அதே தட்டு, பக்கத்தில் கடையில் கிடைத்த வெள்ளைப் பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். தெர்மாகோல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தொட்டால் உதிர்ந்தது, எறும்பு வேறு குடைந்துவிடும். பழைய பிளெக்ஸ் பேனரின் பின்பக்கம் கோடு கோடாக மினுங்கியது. மினுக்கே இல்லாத வெறும் வெள்ளை பெயின்ட் அடித்த அட்டையை வைத்தபோதுதான் மீட்டரை எங்கே நகர்த்தினாலும் முள் ஏறக்குறைய அசையாமல் நின்றது. பார்த்தால் சப்பென்று இருந்த அந்த வெள்ளையே போதும் என்றேன்.

"வெள்ள அடிச்சிட்டா மறுபடி இருட்டு ரூமு ஆவாது," என்றார்.

"ஆவாதுங்க."

கொஞ்ச நேரம் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே பேப்பரைக் கிழித்துப் போட்டு, பிரஷைப் பிடித்தார். இரண்டு பூச்சுக்கும் கறுப்பு அடங்கவில்லை, மூன்றாவதில்தான் மறைந்தது.

அடுத்த கீரை மூலை வரைக்கும் நிமிர்ந்து நின்றது. பறித்துக் குயிலாப்பாளையத்துக்கு எடுத்துப்போனேன். பேக்கரிக்காரம்மா ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்த்துவிட்டு, "வாரா வாரம் கொண்டாங்க," என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சில நாள் கழித்து ஜெராக்ஸ்காரர் வந்தார். நான் உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "ரூமு இன்னாப்பா ஆச்சு?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

"அது அவங்க ரூமு. அவங்களையே கேளு," என்றார் என் வீட்டுக்காரர்.

வந்தவர் கதவருகே நின்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. இடம் இல்லைங்க என்று சொன்னேன்.