வெள்ளை வட்டமும் நான்கு மஞ்சள் துண்டுகளும்

என் மகளை நான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியிலேயே சேர்த்திருந்தேன். நாலாம் வகுப்புக்கு வந்தபோது, பெற்ற பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதே என்று, என் பிரிவில் வைத்துக்கொள்ளாமல் பக்கத்துப் பிரிவில் உட்கார வைத்தேன். அந்தப் பிரிவுக்குத் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை மாற்றலாகி வந்தார். அன்றிலிருந்து என் வீட்டில் சோறு போடும்போதும் மகள் வாயில் அவர் பேச்சு, தலை பின்னும்போதும் அவர் பேச்சு.

பின்னம் மட்டும் மகளுக்கு ஏறவே இல்லை. தோசையைப் பிய்த்துக் காட்டினேன், சாத்துக்குடியை உரித்துப் பங்கு போட்டேன். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்றால், மேலே உள்ளதைத் தனியாகக் கூட்டி, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டி, ஆறில் இரண்டு என்பாள். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் புரிய வைக்கிறவளுக்குச் சொந்தப் பிள்ளையிடம் பாச்சா பலிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் தலைமையாசிரியர் அந்த ஆசிரியையையும் என்னையும் கூப்பிட்டார். பின்னம் நடத்தப் பள்ளி முழுவதற்கும் ஒரே மாதிரி உபகரணம் செய்யலாம், ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள் என்றார். நான் அட்டையில் பட்டைகள் வெட்டி வர்ணத்தாள் ஒட்டிக்கொண்டு போனேன். ஒரு முழுப் பட்டை, அதன் கீழே இரண்டு அரை, அதற்கும் கீழே நான்கு கால். அந்த ஆசிரியை துணிப்பையைத் திறந்து செராமிக் வட்டங்களை எடுத்து மேசையில் வைத்தார். பட்டறையில் சொல்லிச் செய்ததாம். முழு வட்டம் வெள்ளை, அரை நீலம், கால் மஞ்சள். அப்படி ஒரு பளபளப்பு. பீங்கான் பட்டறைகள் நிறைந்த இந்த விருத்தாசலத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

"அழகா இருக்குதே டீச்சர்" என்றார் தலைமையாசிரியர், அவரிடம்.

குறை ஏதாவது அகப்படாதா என்று தேடினேன். அகப்பட்டது. நான்கு மஞ்சள் துண்டுகளை வெள்ளை வட்டத்தின் மேல் சேர்த்து வைத்தால், சுற்றிலும் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மண் சூளையில் வேகும்போது சுருங்கும். சூடு கூடினால் இன்னும் சுருங்கும். முழு வட்டத்தை ஒரு சூளையிலும் கால் துண்டுகளை வேறொரு சூளையிலும் சுட்டிருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை தின்ற மாதிரி இருந்தது.

"பாருங்க சார், நாலு கால் சேர்ந்தா ஒண்ணத் தாண்டிப் போவுது. புள்ளைங்க தப்பாத்தான் கத்துக்கும்."

"அட, ஆமாங்கக்கா! ஒரே சூளையில வெக்கச் சொல்லாம வுட்டுட்டேன்" என்று அவர் சிரித்தார். முகம் வாடும் என்று காத்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "இருங்க, புள்ளைங்ககிட்டயே கேட்டுப் பாத்துடலாம்" என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு தன் வகுப்புக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, வெள்ளையின் மேல் மஞ்சளை அடுக்கி, "ஏன் பொருந்தல, சொல்லுங்க?" என்றார். கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். பிறகு என் மகள் எழுந்தாள். என்ன உளறப் போகிறாளோ என்று எனக்குப் பக்கென்றது.

"இந்தக் கால் இந்த வட்டத்தோட கால் இல்ல டீச்சர். வேற பெரிய வட்டத்தோட கால். அந்த வட்டம் இங்க இல்ல."

எந்த முழுசில் கால் என்று கேட்கத் தெரியாமல்தான் அவள் இத்தனை நாள் ஆறில் இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மில்லிமீட்டர் பிசகாமல் நான் வெட்டிய பட்டைகளை எத்தனை முறை காட்டியிருந்தாலும் அந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்காது.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "என்னங்க டீச்சர், எதை எடுத்துக்கலாம்?"

"அவங்களுதையே எடுத்துக்கலாம் சார். ஒரே சூளையில புதுசா சுட்டு வாங்கிடலாம். பொருந்தாத இந்த செட்டும் கூடவே இருக்கட்டும்."

சந்தோஷம் இல்லையா என்றால், இருந்தது. பொறாமை அதைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது. நான் மகள் கண்ணில் படுகிற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் பதிலைச் சொல்லி முடித்ததும், சரிதானா என்று அவள் நிமிர்ந்து பார்த்தது அந்த டீச்சர் முகத்தைத்தான்.